நிற்கத் தெரிந்தால் நாயோடு ஓடலாம்

அக்காள்மடம் கடற்கரையில் ஒரு நாட்டு நாய் கற்றுத் தந்த ஓட்டப் பாடம்

காலை நாலே முக்கால் மணி. அக்காள்மடத்தின் வடகரையில் கடல் வற்றிக் கிடக்கிறது. இரவு வலை விட்டுத் திரும்பும் நாட்டுப்படகு ஒன்றின் எஞ்சின் சத்தம் பாம்பன் பக்கமிருந்து விட்டு விட்டுக் கேட்கிறது. பின்னால் நெடுஞ்சாலையில், விடிவதற்குள் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட வேண்டும் என்று ராமேஸ்வரத்துக்கு விரையும் வேன்களின் வெளிச்சம் பனைகளுக்கு இடையே வந்து வந்து மறைகிறது. நான் மணலில் மண்டியிட்டுச் செவலைக்கு நெஞ்சுவாரை மாட்டுகிறேன். முன்னங்கால்களை அவளே ஒவ்வொன்றாகத் தூக்கித் தருகிறாள். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டுக் கிழக்கே பார்த்து நிற்கிறாள். காது இரண்டும் விறைத்திருக்க, வால் மட்டும் ஆடுகிறது.

அவள் முதுகு வாரிலிருந்து என் இடுப்புக் கச்சை வரை ஆறேழு அடிக்கு ஒரு கயிறு. "போவோம்" என்றதும் கயிறு விண்ணென்று இழுபடுகிறது. அந்த இழுப்பு முதலில் இடுப்பிலும் பிறகு தொடையிலும் ஏறுகிறது. ஈரமணலில் என் காலடி ஒன்று விழுவதற்குள் அவளுடைய பாதங்கள் நாலைந்து முறை தட்டிவிடுகின்றன. இருட்டில் அவள் முதுகு தெரிவதில்லை. கயிறுதான் எனக்குக் கண். அது வலப்புறம் சாய்ந்தால் முன்னே ஏதோ வலை கிடக்கிறது. தளர்ந்தால் அவள் எதையோ மோப்பம் பிடிக்கிறாள்.

நாயோடு ஓடுவது ஒரு விளையாட்டு. உலகின் பல நாடுகளில் அதற்குப் போட்டிகளும் விதிகளும் இருக்கின்றன. நம் ஊரில் அதைச் செய்ய மைதானமோ சங்கமோ வேண்டியதில்லை. ஒரு நாயும் கொஞ்சம் கரையும் விடியலுக்கு முன் எழும் பழக்கமும் போதும். அதற்கெல்லாம் முன்பாக ஒன்று வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பனியில் பிறந்த ஓட்டம்

இந்த விளையாட்டுக்குக் 'கேனிகிராஸ்' என்று பெயர். பனிப்பிரதேசங்களில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிப் பந்தயம் பழைய வழக்கம். பனி உருகிய மாதங்களில் அந்த நாய்களின் உடற்கட்டு குலையாமலிருக்க, அவற்றைத் தம் இடுப்பில் பிணைத்துக்கொண்டு காட்டுப் பாதைகளில் ஓடினார்கள். அந்தப் பயிற்சியே ஐரோப்பாவில் தனி விளையாட்டாக வளர்ந்தது. நாய் முன்னே ஓடும், மனிதர் பின்னே ஓடுவார், நடுவில் இழுபட்டுச் சுருங்கும் கயிறு. நாயை மனிதர் இழுக்கக் கூடாது என்பது விளையாட்டின் அடிப்படை. முன்னே போகும் உரிமை நாய்க்கு. திசை சொல்வது மனிதர் பொறுப்பு.

இதற்கெல்லாம் தாய்வீடான சறுக்கு வண்டிப் பந்தயங்களில் பெயர் பெற்றது அலாஸ்காவின் இடிடராட். 1973 முதல் நடக்கிறது. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பனிவழி. அவ்வளவு கடுமையான பந்தயத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேகம் பற்றிய செய்தியன்று, ஓய்வு பற்றிய விதி. வழியில் ஓரிடத்தில் முழுதாக 24 மணி நேரமும், இன்னும் இரண்டு இடங்களில் எட்டெட்டு மணி நேரமும் நின்றே தீர வேண்டும். வழிநெடுகக் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். களைத்த நாயை அவர்களிடம் விட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த நாய்களைக் கொண்டு நடக்கும் பந்தயமே, நிற்பதை விதியாக எழுதி வைத்திருக்கிறது. பனியில் ஓடுகிறவர்களுக்கே அது தேவை என்றால், சித்திரை வெயிலில் பாக் விரிகுடாக் கரையில் ஓடுகிற நமக்கு எவ்வளவு தேவை?

ஒருவருக்கு வியர்வை, ஒருவருக்கு நாக்கு

நாயோடு ஓட விரும்புகிறவர் முதலில் இரண்டு உடம்புகளின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனித உடம்பில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஓடும்போது தோல் முழுவதும் நனைகிறது, காற்றுப்பட்டு உலர்கிறது, உடம்பு குளிர்கிறது. நாய்க்கோ வியர்ப்பது பாதங்களின் அடியில் மட்டும்தான், அதுவும் சொற்பம். அதன் சூடெல்லாம் வெளியேற வேண்டிய வாசல் வாயும் மூச்சும். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் நாயின் வியர்வை.

இன்னொன்று. இளைப்பு வேலை செய்ய வேண்டுமானால் வாயிலுள்ள ஈரம் காற்றில் ஆவியாக வேண்டும். நம் ராமேஸ்வரம் தீவைச் சுற்றிலும் கடல். காற்றே ஈரமாக இருக்கும்போது நாயின் வாயிலுள்ள ஈரம் எங்கே போய் உலரும்? வெப்பமானியில் பாகை குறைவாகக் காட்டினாலும், புழுக்கம் மிகுந்த காலையில் நாய்க்கு அது கொதிக்கும் உலைதான். சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் நாள் நாய்க்கு ஓட்ட நாள் ஆகாது.

வேகத்தில் நாயை நாம் எட்ட முடியாது. கிரேஹவுண்ட் இனம் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். உசேன் போல்ட்டின் உச்ச வேகம் 44-ஐ ஒட்டியது. ஆனால் வெயிலில், நெடுந்தூரத்தில், கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே மனிதரே வலிய ஓட்டக்காரர். ஐந்து கிலோமீட்டரை வியர்வையில் நனைந்தபடி நாம் முடித்துவிடுவோம். அதே தூரத்தில் நாயின் உடம்பு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். "நாய்தானே, நம்மைவிட நன்றாக ஓடும்" என்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

வேலை போன வேட்டை நாய்கள்

தென்தமிழகம் ஓட்ட நாய்களின் மண். விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரையே தாங்கி நிற்கும் சிப்பிப்பாறை. கறுப்பு உடலும் செம்பழுப்புக் கால்களுமாக வரும் கன்னி. பால்வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும் கொண்ட ராஜபாளையம். தேனி மாவட்டத்தின் கோம்பை. நம் ராமநாதபுரத்தின் பெயரையே அடைமொழியாகக் கொண்ட மண்டை நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் இனங்கள். ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த நெஞ்சும் வில்லாக வளையும் முதுகும் அவற்றுக்கு அதற்காகவே வாய்த்தவை. முழு வேகத்தில் ஓடும்போது ஒரே பாய்ச்சலில் இருமுறை, நான்கு கால்களும் தரையை விட்டு மேலெழும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓட்டமாகத் தோன்றாது, பறப்பதாகவே தோன்றும்.

நாயைத் தோழனாக நினைத்த நினைவு நமக்கு நெடிது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் கருந்தேவக்கத்தியின் அருகில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. 'கோவிவன்' என்று அதன் பெயரும் கல்லில் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. நம் காலத்தில் 'பரியேறும் பெருமாள்' படத்தின் கறுப்பி என்ற நாய்க்காகத் தியேட்டரில் அழுதவர்கள் எத்தனை பேர்!

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமானது. அது சரியான சட்டம், மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓட்டத்துக்காகவே வளர்க்கப்பட்ட நாய்களுக்கு அன்றோடு வேலை போயிற்று. 2005-இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2017-இல் வந்து பலரின் கண்ணைத் திறந்தது. நாட்டு நாய் வாங்குகிறவர்கள் பெருகினார்கள். வாங்கியபின் என்ன செய்கிறார்கள்? மொட்டை மாடியில் மூன்றடிச் சங்கிலி.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். எந்நேரமும் கட்டிவைக்கும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி தராமல் விடுவதே அங்கே கொடுமை என்று எழுதியிருக்கிறது. ஜல்லிக்கட்டுக் காளைக்கு நடைப் பயிற்சி, நீச்சல், மண் குத்தும் பழக்கம் என்று மாதக்கணக்கில் பாடுபடும் மாவட்டங்கள் இவை. பந்தய மாட்டைப் பிள்ளையைப் போல் வளர்க்கும் வீடுகள் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் எத்தனை! அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு நாய்க்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

செவலை எந்தச் சாதி நாயும் இல்லை. அக்காள்மடம் பேருந்து நிறுத்தம் அருகே மழை நாளில் கிடந்த தெருக்குட்டி. வயிறு ஒடுங்கியிருப்பதைப் பார்த்து, "இதுல வேட்டை நாய் ரத்தம் ஓடுது தம்பி" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். இருக்கலாம். ஓடுவதற்கு அவளுக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை.

சித்திரையில் ஒரு காலை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து ஞாயிறு. நான் எழுந்ததே ஏழு மணிக்கு. ஓட்டத்தை விட மனமில்லை. தங்கச்சிமடம் தாண்டி, அப்துல் கலாம் நினைவிடம் இருக்கும் பேய்க்கரும்பு வரை போய்வருவது என்று முந்தைய வாரமே முடிவு செய்திருந்தேன். கைக்கடிகாரத்தில் தூரம் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் தொற்றியிருந்தது.

தங்கச்சிமடம் வரை அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் கயிறு தளர்ந்தது. சற்று நேரத்தில் அவள் எனக்குப் பக்கத்தில் ஓடினாள். பிறகு எனக்குப் பின்னால். நான் "போவோம், போவோம்" என்றேன். ஒவ்வொரு முறையும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ஓடினாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. அவள் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. ஒரு பனையின் குட்டை நிழலில் பின்னங்கால் மடங்கி விழுந்தாள். நாக்கு கரண்டி போல் அகன்று நுனி மேலே வளைந்திருந்தது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் பசையாக இழுபட்டது.

நான் கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அவள் வாய்க்குள் ஊற்றப் போனேன். அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா குடத்தோடு ஓடிவந்தார். "வாயில ஊத்தாதீக தம்பி, மூச்சுல ஏறிரும். மேல ஊத்துங்க!" ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் ஊற்றிக்கொண்டே தம் முந்தானையால் விசிறினார். பத்து நிமிடத்தில் செவலை தலையைத் தூக்கினாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவ்வளவு தண்ணீர் ஊற்றியபிறகும் காய்ச்சல் 105. நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 வரை. 106-ஐத் தாண்டினால் குடலும் ஈரலும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே மருத்துவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"அது நிக்காது சார். நீங்க ஓடுற வரைக்கும் ஓடும். நிறுத்த வேண்டியது நீங்கதான்."

முழுப் பயிற்சியும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மனிதர் களைத்தால் முணுமுணுப்பார், உட்கார்ந்துகொள்வார், "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். நாய்க்கு அந்தச் சொற்கள் இல்லை. நம்மோடு இருப்பது அதற்குக் களைப்பைவிடப் பெரிது. அதன் விசுவாசத்தைப் பாடாத வாய் இல்லை. அந்த விசுவாசமே அதைக் கொன்றுவிடவும் கூடும் என்பதை நினைப்பவர் குறைவு. ஓடச் சொல்லித் தருவது எளிது, அது அதற்குப் பிறவியிலேயே வரும். அதற்காக நிற்பதற்கு நாம்தான் கற்க வேண்டும்.

வலை ஊசியில் தைத்த வார்

செவலை தேறியபின், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி ஓடியது முதல் தவறு. இழுக்கும்போது அது மூச்சுக்குழாயை நெரிக்கும். மூச்சு ஒன்றே வாசலாக உள்ள உயிருக்கு அந்த வாசலையும் அடைத்த கொடுமை அது. இழுப்பின் பாரம் நெஞ்செலும்பில் விழ வேண்டும். தோள்மூட்டு தடையின்றி முன்னும் பின்னும் அசைய வேண்டும். வாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

வெளிநாட்டு வார் வாங்க எனக்கு வசதிப்படவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது ஆண்டுகளாக வலை பின்னுகிறவர். செவலையைத் திண்ணையில் நிறுத்தி, நெஞ்சை நூலால் அளந்தார். அகலமான நைலான் நாடாவை மடித்து, உள்பக்கம் பழைய சேலைத் துணி வைத்து, வலை ஊசியால் தைத்தார். கயிற்றின் நடுவில் சைக்கிள் டியூபை ஒரு முழம் செருகி இரு முனையும் இறுக்கிக் கட்டினார். நாய் திடீரென்று பாய்ந்தால் அந்த ரப்பர் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். என் இடுப்பும் தப்பும், அவள் முதுகும் தப்பும். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டுச் சொன்னார்: "வலையில மாட்டுனது தப்பிக்கக் கூடாது. இதுல மாட்டுனதுக்கு வலிக்கக் கூடாது. அம்புட்டுத்தான் தம்பி வித்தியாசம்."

பன்னிரண்டு வாரம்

எலும்பு முனைகளின் வளர்குருத்து முற்றாத குட்டியை ஓடவிடக் கூடாது. சிறிய நாய்க்கு ஒரு வயது, பெரிய நாய்க்கு ஒன்றரை வயது முடியட்டும். இதயம், இடுப்பு மூட்டு, ரத்தம் இவற்றை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்தில் சாதாரணம். காரணமின்றி இளைக்கும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஓட்டம் வேண்டவே வேண்டாம், மூச்சுவழியே குறுகிப் பிறந்தவை அவை.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே கிடையாது. வாரை மாட்டி நடை மட்டும். சொற்களைப் பழக்கும் காலம் இது. ஏர் உழும்போது இடத்து மாடு, வலத்து மாடு என்கிறோம். அந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டேன். திரும்புவதற்கு நாலு அடி முன்பே "வலத்தே", "இடத்தே" என்று சொல்ல வேண்டும். திரும்பியபின் சொன்னால் நாய்க்குச் சொல்லும் செயலும் ஒட்டாது. "போவோம்", "மெல்ல", "நில்", "விடு" ஆகியவற்றோடு மொத்தம் ஆறே சொற்கள். "நில்" இருக்கும்போது "செல்" என்று வைக்காதீர்கள், காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் விழும். "போவோம்" என்பதை வீட்டில் வேறெதற்கும் சொல்லாதீர்கள்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு முறை. வாரத்தில் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள். ஐந்திலிருந்து எட்டு வரை மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஒன்பதாம் வாரத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டிப் பன்னிரண்டாம் வாரத்தில் தொடர்ந்து இருபது நிமிடம். தூரத்தை அளக்காமல் நேரத்தை அளப்பது நல்லது. தூரம் மனிதரின் ஆசையைக் கிளறும். ஓட்டமும் நடையும் சேர்ந்த மொத்த நேரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. தசை சீக்கிரம் தேறும், பாதத்தின் தோலும் தசைநாரும் தாமதமாகத்தான் தேறும்.

வேட்டை நாய் இனங்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். அவை ஒரு நிமிடப் பாய்ச்சலுக்காகப் பிறந்தவை, இருபது நிமிட நிதானம் அவற்றுக்குப் புதிது. முன்னே ஆடோ பூனையோ கண்டால் காது கேட்காது. "விடு" என்ற சொல் பழுக்கும்வரை கயிற்றைக் கழற்றாதீர்கள்.

ஓட்டத்துக்கு முன் இரண்டு மூன்று மணி நேரமும், பின் ஒரு மணி நேரமும் சோறு கூடாது. ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்கு நிறைந்த வயிறோடு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. செவலைக்குச் சாப்பாடு சோறும், முள் எடுத்து வேகவைத்த சாளையும், வாரம் மூன்று முட்டையும். பயிற்சியின்போது பரிசுக்கு உப்பிடாமல் அவித்து உலர்த்திய நெத்திலி. கருவாடு கொடுத்துப் பழக்காதீர்கள். உப்பு தாகத்தைக் கூட்டும்.

கரை சொல்லும் எச்சரிக்கை

ஓடும் இடத்தை முந்தைய நாள் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். அலை தொட்டுப்போகும் ஈரமணல்தான் நல்ல களம். மேட்டு மணல் காலை வாங்கும், தார்ச்சாலை பாதத்தைச் சுடும். சாலையில் ஓடியே ஆக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். உங்கள் வெறுங்கால் ஏழு விநாடி தாங்காத சாலை நாயின் பாதத்துக்கும் ஆகாது. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் தார் சூட்டை விடுவதில்லை.

வலையிலிருந்து கழித்துப்போட்ட பேத்தை மீன் கரையில் கிடக்கும். அதன் நஞ்சு நாயைச் சாய்த்துவிடும். ஒதுங்கிய சொறி, திருக்கை முள், அறுந்த தங்கூசி, தூண்டில் முள், உடைந்த பாட்டில் எல்லாம் உண்டு. "விடு" என்ற சொல்லின் அருமை அப்போது தெரியும். கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரால் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளில் உண்ணியும் முள்ளும் தேடுங்கள்.

காற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடையோ கச்சானோ, எது வீசினாலும் கணக்கு ஒன்றுதான். போகும்போது காற்றை முதுகில் வாங்குங்கள், திரும்பும்போது முகத்தில் வாங்குங்கள். உடம்பு சூடேறியபின் எதிர்க்காற்று கிடைத்தால் நாய்க்கு அது விசிறி. முதுகுக் காற்றோடு திரும்பினால் நம் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகி, சுற்றிலும் அசைவற்ற புழுக்கம்தான் மிஞ்சும். இதைப் படகோட்டிகள் எனக்குச் சொன்னார்கள்.

கரை நமக்கு மட்டும் சொந்தமில்லை. மணலில் விரித்த வலையும் காயப்போட்ட நெத்திலியும் ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பு. சுற்றித்தான் போக வேண்டும். ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் அந்தக் கரைகளை விட்டுவிட வேண்டும். தனுஷ்கோடிப் பகுதியைத் தமிழக அரசு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. நெடுந்தூரம் பறந்து வந்து சேற்றில் இரை தேடும் பறவைகளை ஒரு நாயின் பாய்ச்சல் கூட்டத்தோடு எழுப்பிவிடும். அந்தப் பக்கம் நாயோடு போவதே தவறு.

தெருநாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். நடையாக மாறி, உங்கள் நாயை அந்தக் கூட்டம் இல்லாத பக்கத்தில் வைத்து, அரைவட்டமாக விலகிச் செல்லுங்கள். அது அவற்றின் தெரு. நாம் விருந்தாளிகள்.

நிறுத்துங்கள்! நாய் காட்டும் அடையாளங்கள்

• தளராத கயிறு தளர்வது. முன்னே போன நாய் பக்கத்துக்கோ பின்னுக்கோ வருவது
• நாக்கு அகன்று நுனி மேலே வளைவது, ஈறு கருஞ்சிவப்பாவது
• எச்சில் பசையாக இழுபடுவது
• நிழலை நோக்கி இழுப்பது. அடிக்கடி நின்று படுப்பது
• பின்னங்கால் தடுமாறுவது, கூப்பிட்டால் கவனிக்காமலிருப்பது

முதல் அடையாளத்திலேயே நின்றுவிட்டால் மற்றவை வராது. வந்துவிட்டால் நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் தண்ணீரை உடம்பு முழுதும் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஓடுகிறவர் மனம்

நாயோடு ஓடுவதற்கு உடம்பைவிட மனத்துக்கே அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது. நான் கோபத்தோடு வாரை மாட்டிய நாட்களில் செவலை காதைத் தாழ்த்திக்கொண்டாள். இழுக்கவே மாட்டாள். என் பதற்றம் கயிற்றின் வழியே அவளுக்குப் போய்ச் சேர்கிறது. இப்போது மனம் சரியில்லாத நாளில் வாரை எடுப்பதில்லை, சும்மா நடந்துவிட்டு வருகிறோம்.

தவறு செய்தால் அடிப்பதோ அதட்டுவதோ கிடையாது. "வலத்தே" என்றபோது அவள் இடப்பக்கம் போனால், நான் சொல்லிய நேரம் பிசகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். நின்று, மறுபடி சொல்லி, சரியாகத் திரும்பியதும் ஒரு நெத்திலி. ஒவ்வொரு ஓட்டத்தையும் அவளுக்கு ஆசை மிச்சமிருக்கும்போதே முடிக்கிறேன். பசி அடங்குமுன் இலையை எடுப்பது போல. மறுநாள் வாரைக் கண்டதும் அவள் துள்ளுவதற்கு அந்த மிச்ச ஆசைதான் காரணம்.

கைக்கடிகாரத்தை இப்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன். கார்த்திகை முதல் மாசி வரை எங்கள் ஓட்டக்காலம். பங்குனி பிறந்தால் ஓட்டம் நடையாகும், சில நாள் முழங்கால் ஆழக் கடலில் நீச்சலாகும். ஆறேகால் மணிக்குப் பிறகு எந்த மாதத்திலும் ஓட்டமில்லை. ஊருக்கு விருந்தாளி வந்தாலும், படம் எடுக்க ஆள் வந்தாலும் இந்த விதி மாறாது.

அக்காள்மடமும் தங்கச்சிமடமும், சேதுபதி மன்னர் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் நினைவாக, ராமேஸ்வரம் போகும் யாத்ரிகர்கள் தங்கிப் போவதற்கு எழுந்த மடங்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கால்நடையாக வந்தவர்கள் இங்கே நின்று, தண்ணீர் குடித்து, இளைப்பாறி, பிறகு போனார்கள். இந்த ஊர் பிறந்ததே களைத்தவர்களை நிற்க வைப்பதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அன்று குடத்தோடு ஓடிவந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் எனக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது.

இன்று காலை புழுக்கம். பன்னிரண்டாம் நிமிடம். கயிறு இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் விறைப்பில் ஒரு சிறு தயக்கம், அரை விநாடித் தொய்வு, மறுபடி இழுப்பு. முன்பெல்லாம் அதை நான் கவனித்திருக்க மாட்டேன். "நில்" என்றேன். செவலை நின்று திரும்பிப் பார்த்தாள். சித்திரையில் பார்த்த அதே பார்வை. நான் மணலில் உட்கார்ந்தேன். அவள் இரண்டடி நடந்து அலைக்குள் போய் வயிறு நனையப் படுத்துக்கொண்டாள். கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியது. எங்களுக்கு நடுவே கயிறு தண்ணீரில் தளர்ந்து மிதந்தது.